மொட்டைமாடித் தக்காளி: ஐந்திணை நோக்கில் ஓர் ஆய்வு

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை நம் இலக்கணக்காரர்கள் நூல் என்றே ஒப்புவதில்லை. ஆக்கியோன் யார், எல்லை எது, கேட்போர் யார், பயன் என்ன என்பதையெல்லாம் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்கிறேன். ஆக்கியோன், சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குக் குடியிருப்பின் உச்சி வீட்டில் இருப்பவன்; மொட்டைமாடியின் மீது சட்டப்படி இல்லாவிட்டாலும் வழக்கப்படி உரிமை கொண்டாடுபவன். எல்லை: வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே துணி காயும் கொடி, கிழக்கே யாரும் கழற்றாமல் விட்ட டிஷ் ஆன்டெனா, மேற்கே ஏசியின் அனல் கக்கும் பெட்டி. யாப்பு: தேங்காய் நார்க்கழிவும் தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்பிய குரோ பேக். கேட்போர்: வடகம் எடுக்க மாடிக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள். பயன்: ரசம்.

ஆய்வேடு என்றால் 'ஆய்வு இடைவெளி' ஒன்று இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் பதிவு செய்யாது. எனக்குக் கிடைத்த இடைவெளி பெரியது. சங்க இலக்கியம் முழுவதிலும் தக்காளி கிடையாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை மூச்சு விடாமல் அடுக்குகிறார். நூறாவதாக இதைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அவர் மீது குறையில்லை. அவர் காலத்தில் தக்காளியின் காட்டு மூதாதை சுண்டைக்காய் அளவுச் சிவப்பு மணியாகப் பெரு, எக்குவடார் பக்கம் புதரோரம் கிடந்தது. அதைப் பெரிதாக்கிச் சோற்றுக்குக் கொண்டுவந்தவர்கள் மெக்சிகோ மக்கள். ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் அதைக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பியரோடு அது இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, நம் அடுப்பங்கரையில் புளி ஏற்கெனவே பட்டா வாங்கிக் குடியிருந்தது.

இந்தக் குடியிருப்புத் தகராறு இன்னும் முடியவில்லை. திதிச் சமையலில் பல வீடுகளில் இன்றைக்கும் தக்காளிக்கு அனுமதி இல்லை. வாழைக்காயும் பாகலும் சேனையும் உள்ளே. தக்காளியும் உருளையும் முட்டைக்கோஸும் வெளியே. தக்காளி ரசம் குடிக்காமலே போய்ச் சேர்ந்த முன்னோருக்கு அதைத் திடீரென்று பரிமாறித் திகைக்க வைக்க வேண்டாம் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், நம் வீட்டுத் தக்காளியின் வழக்கு புளிக்கு எதிராகத் தொடுக்கப்பட்டது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

காயா, பழமா என்ற கேள்விக்கு அதிக இடம் ஒதுக்கப்போவதில்லை. 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிக்ஸ் எதிர் ஹெட்டன் வழக்கில், இதற்காகவே அகராதிகளைப் பிரித்துப் படிக்கக் கேட்டது. அந்நாட்டில் அப்போது காய்கறிக்கு இறக்குமதி வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தாவரவியல்படி பழம்தான், ஆனால் சாப்பாட்டோடு பரிமாறுகிறார்களே தவிர சாப்பாடு முடிந்தபின் அல்ல, ஆகவே காய்கறி என்று தீர்ப்பாயிற்று. எங்கள் தெருத் தள்ளுவண்டிக்காரர் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நடுவே நின்றுகொண்டு "பழம் ஒரு கிலோ போடவா சார்?" என்று கேட்கிறார். வாங்குபவர் யாரும் மேல்முறையீட்டுக்குப் போனதில்லை.

ரகங்கள்

கோயம்பேட்டில் தக்காளிக் குலம் இரண்டு. ஒன்று நாட்டுத் தக்காளி: தட்டை, மேலே வரி, மெல்லிய தோல், நிறையச் சாறு, நல்ல புளிப்பு, இரண்டு நாளில் கூடையை நனைக்கும் குணம். மற்றொன்று நவீன், அல்லது பெங்களூர்த் தக்காளி: கெட்டித் தோல், ஒரே சீரான சிவப்பு, கோலாரிலிருந்தோ மதனப்பள்ளியிலிருந்தோ லாரியில் குலுங்கி வந்தும் கசங்காத நெஞ்சுறுதி. லாரிக்கு எது நல்லதோ அது நாக்குக்கு நல்லதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது உலகறிந்த செய்தி. உலகறிந்ததை மறுபடி நிறுவுவது ஆய்வின் கடமை.

என் மாடியில் குடியேற்றப்பட்டவை கலப்புக் குடும்பங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3. இந்தக் கோ 3க்கு அவர்களே 'மருதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, தக்காளிக்குத் திணை வகுத்த முதல் ஆள் நான் அல்ல, எனக்கு முன்னோடி உண்டு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக். விதைப் பரிமாற்றத்தில் வந்த வெளிநாட்டார்: கருஞ்சிவப்பான செரோக்கி பர்ப்பிள், பழுத்தும் பச்சை வரி மாறாத கிரீன் ஸீப்ரா, இத்தாலியின் நீள்முக சான் மர்சானோ, அமெரிக்கத் தோட்டக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் பிராண்டிவைன். ஒரு செர்ரி. கடைசியாக, சமையலறைக் குப்பையை மட்கவைக்கும் தொட்டியில் யாரும் விதைக்காமல் எழுந்து நின்ற ஒரு செடி. இதை அட்டவணையில் 'தான்தோன்றி' என்று குறித்திருக்கிறேன். இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதற்கில்லை. கடைக் கலப்பினப் பழத்தின் விதை தாயைப் போலவே காய்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; பாட்டன், பூட்டன் முகங்கள் பிரிந்து பிரிந்து வெளியே வரும்.

குறிஞ்சியும் பாலையும்

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். தக்காளியின் களவொழுக்கம் விசித்திரமானது. பூ தலைகுனிந்து தொங்கும். உள்ளே மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் கூம்பாகி, சூல்தண்டைச் சுற்றி மூடி நிற்கும். தலைவனும் தலைவியும் ஒரே பூவில், ஒரே கூரையின் கீழ். வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் உலுக்கிவிடாத வரை மகரந்தம் இறங்காது. நம் மரபில் தோழி இல்லாமல் களவு நடப்பதில்லை, தக்காளிக்கும் அப்படியே.

யார் அந்தத் தோழி? தேனீ என்று பள்ளிக்கூடப் பாடம் சொல்லும். அடுக்குத் தேனீ இந்த வேலைக்கு ஆகாது. அதற்குப் பூவை அதிரவைக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு: காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கரிய பெரிய வண்டும், வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு சிறு தேனீயும். இவை பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். ஓசை கேட்கும். மகரந்தம் உப்பு டப்பாவிலிருந்து கொட்டுவதுபோல் கூம்பின் நுனியிலிருந்து கொட்டும். ஐரோப்பியக் கண்ணாடிக் கூடாரங்களில் ஒரு காலத்தில் ஆட்களே அதிர்வுக் குச்சியோடு செடி செடியாகப் போனார்கள். 1980களின் பிற்பாதியில் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் பம்பிள்பீ என்னும் மயிரடர்ந்த குளிர்நாட்டு வண்டைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கியதும் குச்சிக்காரர்களுக்கு வேலை போயிற்று.

எங்கள் மாடிக்குக் கருவண்டு வரும். ஆனால் வேலைக்காரர்களைப் போல் நாள் பார்த்துத்தான் வரும். ஆகவே தோழி வேடத்தை ஆய்வாளனே ஏற்றான். கருவி, பேட்டரியில் ஓடும் பல்துலக்கி. காலை வெயில் ஏறுவதற்குள், பூங்கொத்தின் காம்பில் அதைத் தொட்டால் போதும். மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரியும்படி உதிரும். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் இதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், அதுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்று கேட்டார். களவு இவ்வாறு அலர் ஆயிற்று.

அடுத்தது பாலை, உரிப்பொருள் பிரிதல். இதற்குத் தனி நிலம் இல்லை, மற்ற நிலங்கள் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? மொட்டைமாடியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தக்காளிக்குப் பகல் வெயிலைவிட இரவுப் புழுக்கம் கெடுதல். இரவில் 20 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்தால் மகரந்தம் நன்றாக முளைக்கும், காய் பிடிக்கும். சித்திரை, வைகாசியில் சென்னையின் இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மகரந்தம் மலடாகிவிடும். பூக்காம்பின் நடுவே ஒரு கணு உண்டு. கருவுறாத பூ அந்த இடத்தில் சுத்தமாகக் கழன்று விழும். காலையில் மாடிக்குப் போனால் தரையெல்லாம் மஞ்சள். மகள் போன சுரத்தில் தேடி அலையும் செவிலித்தாயின் கூற்றுகளை அதற்கு முன் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன், அப்போது விளங்கவில்லை.

தப்பிப் பிழைத்த காயும் அந்த வெயிலில் சிவப்பதில்லை. சிவப்பு தரும் லைகோபீன், 30 டிகிரிக்கு மேல் நீடித்த வெப்பத்தில் சரியாக உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டும் முன்னேறும். கத்திரியில் பழுத்த தக்காளி காமாலை கண்டதுபோல் தெரிவதற்கு உரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் காய்க்கும் நேரத்தில் ஐப்பசி அடைமழை வரும். சென்னைக்காரன் மழையின் கடைசிப் பகுதியில் நாற்று நட்டு, தை, மாசியில் பறிப்பதே அறிவு.

பிராண்டிவைன் இந்த ஐந்திலும் சேராது. அதற்குக் கைக்கிளை என்று தனி இடம். உருளைச் செடி போன்ற அகன்ற இலை, கொடிக்கம்பியைத் தாண்டி ஏறும் உயரம், பார்ப்பவர் நின்று கேட்கும் அழகு. தண்ணீர் குடித்தது, மீன் அமிலம் குடித்தது, பஞ்சகவ்யம் குடித்தது. நான் அன்பு செலுத்தினேன். அது இலை விட்டது. காய் பற்றிய பேச்சை எடுக்கவேயில்லை.

நெய்தல்

இரங்கலுக்குக் காரணங்கள் இரண்டு: வெள்ளை ஈ, ஆழ்துளைத் தண்ணீர். வெள்ளை ஈ சாறு உறிஞ்சுவதோடு போகாமல் இலைச்சுருள் நோயின் வைரஸையும் ஏற்றிவிட்டுப் போகும். நுனி இலைகள் கிண்ணம்போல் மேலே மடிந்து, செடி கூனிக் குறுகி நின்றுவிட்டால் பிடுங்கி எறிவதைத் தவிர வைத்தியம் இல்லை. அர்கா ரக்ஷக் மட்டும் இதற்குப் பெரும்பாலும் அசையவில்லை. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்குவதற்கென்றே அதைப் பெற்றெடுத்தார்கள்.

உப்புத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். தக்காளிக்குக் கொஞ்சம் உப்பும் கொஞ்சம் தாகமும் கொடுத்தால் பழம் சிறுக்கும், எண்ணிக்கை குறையும், ஆனால் உள்ளே சர்க்கரையும் புளிப்பும் செறியும். சிசிலித் தீவின் பாகினோ ஊரில் கடலோர உப்புத் தண்ணீர் பாய்ச்சி விளையும் சிறு தக்காளிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் முத்திரையே இருக்கிறது. எங்கள் பகுதியிலும் அதே தண்ணீர்தான் வருகிறது. முத்திரையைக் காணோம், குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு மட்டும் இருக்கிறது.

முல்லை

காய் முழு அளவுக்கு வந்தபின் பழுப்பதற்கு எடுத்துக்கொள்ளும் காலம், பார்ப்பவனின் பொறுமையைச் சோதிக்கவே வகுக்கப்பட்டது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் வருகிறேன் என்ற தலைவனுக்காக அவள் காத்திருந்தாள். இவன் காயின் அடியில் வெளிர் ரோஜா நிறம் எட்டிப்பார்க்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். அந்த நிறம் தோன்றிய பிறகு பழம் தன் எத்திலீனைத் தானே ஊதிக்கொண்டு பழுக்கும்; பறித்துச் சமையலறையில் வைத்தாலும் சுவையில் அதிகம் இழப்பில்லை. இதைத் தெரிந்துகொண்டும் 'செடியிலேயே முழுசாகப் பழுக்கட்டும்' என்று விடுவது வீரம். அந்த வீரத்தின் பலன் அணிலுக்குப் போகும்.

அணிலை ஆய்வின் புறத்தேர்வாளராகக் கொள்ளலாம். சம்பளம், பயணப்படி கேட்பதில்லை. பிடித்த பழத்திலெல்லாம் ஒவ்வொரு கடி கடித்துவிட்டு, முடிவை வெளியிடாமல் போய்விடும். கொண்டைக்குருவி இரண்டாம் தேர்வாளர். இருவரும் அர்கா ரக்ஷக்கைத் தொடாமல் செர்ரியிலும் தான்தோன்றியிலும் கூடுதல் நேரம் செலவிட்டார்கள் என்பதைக் குறிப்பேட்டில் பதிந்துள்ளேன்.

காத்திருக்கும்போது கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது. பி.கே.எம். 1 காய்க்குக் காம்பைச் சுற்றித் தோளில் கரும்பச்சை வளையம் இருக்கும். பழுத்த பின்னும் அந்த இடம் சற்று மஞ்சளோடு தயங்கும். வாங்குகிறவர்கள் இதைப் பழுக்காத பழம் என்று ஒதுக்குவார்கள். இந்தப் பச்சைத் தோள் இல்லாமல் காய் முழுதும் வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ஒரு மரபணு மாற்றத்தை அமெரிக்காவில் 1930 வாக்கில் கண்டெடுத்தார்கள். பெட்டியில் அடுக்கினால் அழகு. உலகச் சந்தை முழுவதும் அதுவே பரவிற்று. 2012இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு கணக்கைத் திறந்து காட்டியது. கெட்டுப்போன அந்த மரபணுவின் வேலை, காயிலேயே பச்சையத்தைக் கட்டி, வெயிலில் சொந்தமாகச் சர்க்கரை சமைப்பது. பச்சைத் தோள் போனதும் அந்தச் சமையலும் குறைந்தது. எண்பது ஆண்டு உலகம் நிறத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாய் இனிப்பை விற்றிருக்கிறது. நாட்டுத் தக்காளியின் தோளைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். படிக்கமாட்டார்கள்.

மருதம் என்னும் வாய்மொழித் தேர்வு

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஆகவே இனி சமையலறை.

சுவைத்தேர்வுக்கு வெளிநாட்டார் ஒரு நெறி வைத்திருக்கிறார்கள். பழத்தைக் குளிரூட்டக்கூடாது. வட்டமாக நறுக்கி, பச்சையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே வாய் கொப்பளித்து, அடர்த்தி, இனிப்பு, புளிப்பு, பின்சுவை என்று பதிய வேண்டும். செரோக்கி பர்ப்பிளைப் பற்றி அவர்கள் எழுதுவதைப் படித்தால் பழத்தைத் தின்றார்களா, தியானம் செய்தார்களா என்று சந்தேகம் வரும். அந்தப் பழத்துக்கு நல்ல வரலாறு உண்டு. 1990இல் டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர் பெயரில்லாத விதையைத் தபாலில் அனுப்ப, கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரர் வளர்த்துப் பார்த்து வைத்த பெயர் அது.

எங்கள் தேர்வுக் குழுவில் மூவர்: தேனிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இப்போது எங்களோடு இருக்கும் அத்தை, தமிழ்நாட்டின் எல்லா விஷயத்திலும் கருத்துள்ள மைத்துனர், கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்தச் சம்மதித்த மகள். ஆய்வின் நெறியாளராக மனைவி. தட்டுகளில் துண்டங்கள் வைக்கப்பட்டன. குழுவின் விமரிசனக் கலைச்சொற்கள் மூன்று மட்டுமே என்பது விரைவில் தெரிந்தது: 'பரவால்ல', 'சப்புனு இருக்கு', 'புளிப்பே இல்லையே'.

செரோக்கி பர்ப்பிளை அத்தை தொடவேயில்லை. "ஏப்பா, இது கன்னிப்போய்க் கெடக்கு, இதையா நறுக்குன?" என்றார். நிறமே அதுதான் என்று விளக்கியபோது, "அழுகுனவன் எல்லாம் அதைத்தான் சொல்லுவான்" என்று தீர்ப்பளித்தார். கிரீன் ஸீப்ராவைக் குழு ஒருமனதாகத் திருப்பி அனுப்பியது. பழுத்தபின் கொண்டுவரச் சொன்னார்கள். டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் அதைப் பழுத்தாலும் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று உருவாக்கி, 1983இல் வெளியிட்டார் என்ற தகவல் எடுபடவில்லை. செர்ரி தேர்வு அறையை எட்டவில்லை; மகள் அதை மாடிப்படியிலேயே முடித்துவிட்டாள். மைத்துனர் எல்லாவற்றிலும் உப்பும் மிளகுத்தூளும் போட்டுத் தின்று, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார். அவர் தின்ற வேகத்தில் மறுதேர்வுக்கு மாதிரி மிஞ்சவில்லை. புள்ளிவிவர அட்டவணை இல்லாததற்கு இதுவே காரணம்.

அத்தை அப்போது சொன்ன ஒன்றில்தான் ஆய்வு திரும்பியது. "பச்சையாத் தின்னா என்னப்பா தெரியும்? கொதிக்கவச்சுப் பாரு."

எளிய சொல்தான். ஆனால் அதன் பின்னே ஒரு முழுச் சுவைக் கொள்கை நிற்கிறது. வட்டமாக நறுக்கி ரொட்டிக்கு நடுவே வைத்துத் தின்கிற நாட்டுக்கு இனிப்பும் சதையும் வேண்டும். நமக்கு அது வேண்டாம். பருப்பில் கரைந்து, மிளகோடு கொதித்து, சோற்றின் மேல் ஓட வேண்டும். தக்காளியை நாம் பழமாக எடைபோட்டதே இல்லை. புளியின் இடத்துக்கு வந்த ஆளாகவே வைத்து எடைபோடுகிறோம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். தக்காளியில் சிட்ரிக், கொஞ்சம் மாலிக். புளிப்பின் குணமே வேறு. புளி தனியாகப் புளிக்கும். தக்காளி புளிப்போடு இன்னொன்றும் சேர்த்துத் தரும்: குளுட்டமேட். பழுக்கப் பழுக்க அது ஏறும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பில் சதையைவிட அதிகம் இருக்கிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2007இல் அளந்து சொன்னார்கள். பருப்புத் தண்ணீருக்கு உடம்பு கொடுப்பது அதுவே. சிறுநீரகக் கல்லுக்குப் பயந்து விதையைப் பிழிந்து எறியும் கட்சி ஒன்று எங்கள் குடும்பத்திலும் உண்டு. அவர்கள் ரசத்தை எறிந்துவிட்டுத் தோலைச் சமைக்கிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டி ஊடலும் இங்கே தீர்க்கப்பட வேண்டியது. தக்காளியை உள்ளே வைக்கலாமா? 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்த பழத்தில் சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருக்க, வாசனைப் பொருள்கள் மட்டும் சரிந்ததையும், வெளியே எடுத்து வைத்தும் அவை முழுதாகத் திரும்பாததையும் காட்டியது. குளிரில் மரபணுக்கள் சிலவற்றுக்குப் பூட்டு விழுகிறதாம். நான் இதை அச்செடுத்துப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். நெறியாளர் படித்துவிட்டு, "சர்க்கரையும் புளிப்பும் போகலைன்னு அதுலயே எழுதியிருக்கே. கொதிக்கிற சாம்பார்ல எந்த வாசனை மிஞ்சப்போகுது? பெருங்காயம் போட்டாச்சு" என்றார். பூண்டும் பெருங்காயமும் நிற்கும் இடத்தில் பச்சை வாசனையைப் பற்றிக் கவலைப்படுவதற்கில்லை என்பது வலுவான வாதம். பச்சடிக்கு வெளியே, சாம்பாருக்கு உள்ளே என்று உடன்பாடு ஆயிற்று.

ரசத் தேர்வு நடந்தது. ஒரே பருப்புத் தண்ணீர், ஒரே ரசப்பொடி, ஒரே அளவு உப்பு, புளி சொட்டும் இல்லை. தாளிப்பு கடைசியில், எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல. சின்னச் சின்ன ஈயச்சொம்புகள் இல்லாத குறையை டம்ளர்கள் தீர்த்தன. சான் மர்சானோ முதல் சுற்றிலேயே விழுந்தது: கெட்டிச் சதை, குறைந்த சாறு. ரசத்துக்கு ஆகாது, தொக்குக்கு ராஜா என்ற அத்தையின் குறிப்பு, இத்தாலியர்கள் அதைக் குழம்பாகக் காய்ச்சவே வளர்க்கிறார்கள் என்ற உண்மையோடு அப்படியே பொருந்தியது. அவருக்கு இத்தாலி தெரியாது. மைத்துனரையும் என்னையும் தவிர வேறு யாரும் தொடாத செரோக்கி பர்ப்பிள் ரசம், பாயசத்துக்கும் ரசத்துக்கும் நடுவே எங்கோ நின்றது. அர்கா ரக்ஷக் குற்றமற்றது, நினைவிலும் நிற்காதது. அதன் கெட்டித் தோல் சுருண்டு மேலே மிதந்தது. மருதம் நன்றாகவே இருந்தது. தான்தோன்றி சிறப்பாக இருந்தது. அதன் பெற்றோர் தெரியாததால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

பி.கே.எம். 1 ரசத்தை அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வாங்குன?"

"மாடில வெளஞ்சது அத்தை."

"இல்லப்பா. இது எங்க ஊர்ப் பழம்."

அவர் சொன்னது ஏறக்குறைய சரி. பி.கே.எம். 1 என்பது தேனிக்குப் பக்கத்து ஊரான அன்னஞ்சியின் பெயரைத் தாங்கிய உள்ளூர்த் தக்காளியிலிருந்து, விகார மாற்றம் தூண்டிப் பெரியகுளத்தில் தேர்ந்தெடுத்த ரகம். பெங்களூரு, டென்னசி, இத்தாலி எல்லாவற்றையும் தாண்டி ஒரு நாக்கு நேரே தன் வட்டாரத்தைப் போய்த் தொட்டிருக்கிறது. 2017இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழு, 398 ரகங்களின் மரபணுவைப் படித்து, மனிதருக்குப் பிடித்த தக்காளி வாசனைப் பொருள்கள் எவை, அவை நவீன ரகங்களில் எப்படித் தேய்ந்தன என்று கண்டது. அவர்கள் குழுவில் அத்தை இல்லை.

இங்கே எதிர்வாதி ஒருவர் எழுந்து, 'பழக்கப்பட்ட ருசியைத்தானே உங்கள் அத்தை ருசி என்கிறார்?' என்று கேட்கக்கூடும். கேட்கட்டும். வட்டமாக நறுக்கி உப்புத் தூவிப் பழகியவர் செரோக்கி பர்ப்பிளுக்கு முன் கண்மூடி நிற்பதும் அதே பழக்கம்தான். அவருடையதை அறிவியல் என்றும் இவருடையதை ஏக்கம் என்றும் பெயரிட்டுப் பிரிக்கும் தராசு எங்கே விற்கிறது என்று தெரிந்தால் ஒன்று வாங்கலாம்.

பின்னிணைப்பு: வரவு செலவும் விதை காத்தலும்

வில்லியம் அலெக்ஸாண்டர் என்ற அமெரிக்கர் தன் தோட்டச் செலவையெல்லாம் கூட்டி, ஒரு தக்காளிக்கு 64 டாலர் ஆயிற்று என்று கண்டு 2006இல் புத்தகமே எழுதினார். நம் வீடுகளில் அந்தக் கணக்கைப் போடக்கூடாது. நார்க்கழிவு, வேப்பம் புண்ணாக்கு, நிழல்வலை, அதைக் கட்டிய ஆள் கூலி, தண்ணீர் லாரி என்று நெறியாளர் ஒருநாள் விரல் மடக்கத் தொடங்கினார்; நான் பேச்சைத் திருப்பினேன். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற நாள்களில் மட்டும் என் ஆய்வுக்கு வீட்டில் மரியாதை இருந்தது. காய்தான் அப்போது அதிகம் இல்லை. விலை 10 ரூபாய்க்கு இறங்கி, பறிகூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டும் மாசியில் மாடி கொழிக்கும். தக்காளிக்குப் பொருளாதாரம் தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

விதை காத்தல் சுலபம். நன்கு பழுத்ததைப் பிழிந்து, விதையும் வழவழப்புமாக டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட வேண்டும். முளைப்பைத் தடுக்கும் அந்த வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும். நாற்றமும் கொஞ்சம் உண்டு. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு டம்ளர், ஒவ்வொரு டம்ளரிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி, சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வீடு துடைக்க வந்த அக்கா, யாரோ குடிக்க மறந்து ஊசிப்போன மோர் என்று எண்ணி, எல்லாவற்றையும் ஒன்றாக மட்குத் தொட்டியில் கொட்டி, டம்ளர்களைப் பளபளவென்று விளக்கிக் கவிழ்த்துவிட்டார்.

இப்போது தொட்டி முழுக்க நாற்று. பி.கே.எம். 1 எது, மருதம் எது, செரோக்கி எது என்று யாருக்கும் தெரியாது. சோதிப்பவனுக்கும் சுவைப்பவருக்கும் மாதிரியின் பெயர் தெரியக்கூடாது என்பது உயர்தர அறிவியலின் முதல் விதி. அந்த விதி எங்கள் மாடியில் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. ஆய்வுக்காலத்தை நீட்டிக்கக் கோரும் விண்ணப்பத்தில் நெறியாளர் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார். வடகம் காயவைக்க மாடியில் பாதி இடத்தை விட்டுத் தரவேண்டும் என்பது நிபந்தனை.